கிள்ளிப் போட்ட பூக்கள்

கண்ணாடிக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் அந்த ஒரே ஒரு பொய் அவரை அந்தப் பாடு படுத்தியது.

கடைத்தெரு மூலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு வரும் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினாறு வருடமாகப் பெரிய வண்டியைச் சந்து பொந்தெல்லாம் வளைத்து ஓட்டிப் பழகிய கை. விடுமுறை நாளில் அந்தக் கை மண்ணில்தான் இருக்கும். வீட்டின் பின்பக்கம் நாலு பாத்தி. அதில் வருடா வருடம் தக்காளியும் மிளகாயும் போடுவாள். கண்ணாடிக்காரருக்கும் அந்தத் தோட்டத்துக்கும் இருந்த உறவு, காய்த்ததைச் சாப்பிடுவதோடு சரி.

அந்த வருடம் விதை கடையில் வாங்கியதல்ல. அக்காவிடமிருந்து வந்தது.

மனைவியும் அவளுடைய அக்காவும் நாலு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த சமயத்தில், யார் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள், யார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று ஆரம்பித்த பேச்சு. இரண்டு பேரும் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்கள். அம்மா போனபிறகு சமாதானம் செய்துவைக்க நடுவில் ஆள் இல்லை. இப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு பொட்டலம். ஒன்றில் ‘தக்காளி’, இன்னொன்றில் ‘குடமிளகாய்’. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘இருபது வருஷமா நான் எடுத்து வச்சுக்கிட்டு வர்ற விதை. உன் தோட்டத்துலயும் இருக்கட்டும்.’

மனைவி அதை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்றைக்கு இரண்டு நிமிடம்தான் பேசினார்கள். அடுத்த வாரம் பத்து நிமிடம்.

அத்தனை விதையையும் அவள் ஊன்றிவிட்டாள். ஒன்று பாக்கியில்லாமல் முளைத்தது. பின்வாசலில் ஒரு பழைய மேசை, அதன்மேல் மரச்சட்டம், சட்டத்துக்குள் வரிசையாகக் குவளைகள், மேலே குளிருக்காக மூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட். ஒவ்வொரு குவளையிலும் ஐஸ் குச்சி ஒன்றைச் செருகி, அதில் எண் போட்டு எழுதியிருந்தாள். நாற்று விரல் நீளம் வளர்ந்திருந்த நேரத்தில் அவளுக்கு உத்தரவு வந்தது. புதிதாக வரும் மின்சாரப் பேருந்துகளை ஓட்டப் பயிற்சி, வேறு நகரத்தில், பன்னிரண்டு நாள்.

கிளம்பும் அன்று அவரைக் கையைப் பிடிக்காத குறையாக மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மூணே மூணு விஷயம். காலைல மண்ணைத் தொட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. கடைக்குப் போகும்போது ஷீட்டை எடுத்துடணும். சாயங்காலம் வந்து மூடிடணும். அவ்வளவுதான்.”

“இதெல்லாம் ஒரு வேலையா? நீ நிம்மதியாப் போயிட்டு வா” என்றார் கண்ணாடிக்காரர்.

ஆறு நாள் ஒழுங்காகத்தான் செய்தார். ஏழாவது நாள் காலை வானம் கறுத்து, பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருந்தது. பாவம், குளிருமே என்று ஷீட்டை எடுக்காமலே கடைக்குப் போனார். பதினோரு மணிக்கு மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. அப்போது கடையில் ஒரு டீச்சரம்மா வந்து, வட்டச் சட்டமா சதுரச் சட்டமா என்று முடிவு பண்ண முடியாமல் பதினேழு சட்டங்களை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷீட் ஞாபகமே வரவில்லை.

இரண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் பின்வாசலைப் பார்த்தார். ஷீட்டின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி கோத்திருந்தது. தூக்கினார். அரிசிப் பானையைத் திறந்தாற்போல ஆவி முகத்தில் அடித்தது. நாற்றெல்லாம் வெந்த கீரையாகக் குவளை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

மேசையை நிழலுக்கு இழுத்தார். தண்ணீர் தெளித்தார். செய்தித்தாளை மடித்து விசிறினார். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் தண்டுகள் கறுத்த நூலாகிவிட்டன. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் போனில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தார்.

“என்னங்க, இன்னைக்கு அக்கா அவளாவே போன் பண்ணினா தெரியுமா? முக்கால் மணி நேரம். வாய் வலிக்குது எனக்கு. நாத்து எப்படி இருக்குன்னு கேட்டா. எப்படிங்க இருக்கு?”

நாலு வருடமாக அவள் குரலில் அவர் கேட்காத சிரிப்பு அது.

“நல்லா இருக்கு” என்றார்.

பொய் வாயைவிட்டுப் போனபின் அதற்குக் கைகால் முளைக்க வைப்பதுதான் பாக்கி. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த நர்சரிக்குப் போனார். தக்காளி நாற்று வேண்டிய மட்டும் இருந்தது. குடமிளகாய்தான் தகராறு. மழையில் தட்டுகளின் பெயர்ச்சீட்டெல்லாம் ஊறி அழிந்து போயிருந்தன. நர்சரிக்காரர் ஒரு தட்டைத் தூக்கி இலையைப் புரட்டிப் பார்த்தார்.

“இது குடமிளகாதானே?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“இலையப் பாத்தா அப்படித்தான் தெரியுது.”

“தெரியுதுன்னா? நிச்சயமா?”

“காய் வந்தா நிச்சயமாத் தெரிஞ்சிடும் சார்.”

அந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் அவர் வீடு வந்தார். செத்த நாற்றுகளைப் பிடுங்கிப் புதைத்தார். அதே குவளைகளில், அதே குச்சிகளுக்குப் பக்கத்தில், உயரம் பார்த்துப் பார்த்துப் புதியவற்றை நட்டார்.

மனைவி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். இலையைத் தடவினாள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

“உங்களப் போய் சாதாரணமா நெனச்சிட்டேனே! நான் இருந்திருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நாற்றுகளைப் பாத்திக்கு மாற்றினார்கள். அதுவரை மண்வெட்டியை நேராகப் பிடிக்கத் தெரியாத மனிதர் அன்று முதல் தோட்டமே கதி என்று ஆனார். தக்காளிக்குக் கம்பு நட்டு, பழைய வேட்டியைக் கிழித்து நோகாமல் கட்டினார். கணுவிடுக்கில் கிளம்பும் வேண்டாத கிளைகளை ஒடித்தார். காய்ந்த இலையைக் கொண்டுவந்து மண் தெரியாமல் பரப்பினார். கடையில் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி தேடினார். “செடிக்கெல்லாம் கண் டெஸ்ட் நடக்குது” என்று மனைவி போனில் அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். செடிகளும் நன்றியோடு வளர்ந்தன. அதுதான் அவருக்குப் பயம். செடி வளர்ந்தால் பூக்கும். பூத்தால் காய்க்கும். காய்த்தால் நர்சரிக்காரர் சொன்னது நடக்கும்.

மிளகாய்ச் செடியில் முதல் பூ வந்தபோது கிள்ளிப் போட்டார். அதில் தப்பில்லை, முதல் பூக்களைக் கிள்ளினால் செடி பலப்படும் என்று தோட்டப் பத்திரிகை ஒன்றில் நிஜமாகவே போட்டிருந்தது. மனைவியிடம் அந்தப் பக்கத்தை விரித்தும் காட்டினார். ஆனால் பத்திரிகை முதல் பூவோடு நிறுத்தியிருந்தது. அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் பூ, மூன்றாம் பூ, அதற்கடுத்த வாரத்துப் பூ எல்லாம் போயின. தக்காளிக்கு அப்படி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை, அதையும் கிள்ளினார். விடியற்காலையில் எழுந்து, அவள் பார்ப்பதற்கு முன்னால் வெள்ளையும் மஞ்சளுமாகக் கை நிறையக் கிள்ளி, குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வருவார். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்தப் பூ என்ன பாவம் செய்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டார்.

“இன்னும் எத்தனை பூவைக் கிள்ளுவீங்க? நீங்க கிள்ற கிள்ளுல வேர்லதான் காய் காய்க்கணும்” என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“இல்ல… பலம்…”

“பலமெல்லாம் போதும். பயில்வானா ஆக்கப் போறீங்களா? இனிமே ஒரு பூ மேல கை வைக்கக் கூடாது. அக்கா மாசக் கடைசில வர்றா. காயைப் பாக்கணுமாம்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த பூக்களைக் கீழே போட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தக்காளி பிஞ்சு விட்டது, முட்டை வடிவில், வழவழவென்று. அக்காவின் தக்காளி அப்படியிருக்காது. சின்னப் பூசணி போல் தட்டையாக, வரி வரியாக இருக்கும் என்று அக்காவே போனில் சொல்லியிருந்தாள். மனைவி ஒரு பிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நம்ம மண்ணு சரியில்லையோ? நான்தான் உரத்தைக் கூடக் கொறைய போட்டுட்டேனோ?” என்றாள். “இருபது வருஷமா அவ கைல ஒழுங்கா வந்தது. என் கைக்கு வந்ததும் இப்படியாகுது பாருங்க.”

அவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று இராச் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த ‘நாளைக்கு’ நாலு நாள் நீண்டது.

வியாழக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனவர் மிளகாய்ப் பாத்தி முன்னால் நின்றுவிட்டார். குடமிளகாய் என்றால் குண்டாகக் கவிழ்ந்து தொங்க வேண்டும். இங்கே சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத பச்சைக் காய்கள், ஒல்லியாக, வானத்தைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றன. ஒரு செடி தப்பாமல் எல்லாம் அப்படித்தான். சந்தேகத்துக்கு ஒன்றைப் பறித்து நகத்தால் பிளந்து முகர்ந்து பார்த்தார். மூக்கு முடியெல்லாம் கருகியது போல் இருந்தது. அசல் காரமிளகாய்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கண்ணில் பட்டதையெல்லாம் பறித்துச் சட்டைப்பையில் திணித்தார். வியர்த்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புறங்கையால் துடைப்பதற்குப் பதில் விரலால் கண்ணைத் துடைத்தார்.

அவர் போட்ட சத்தத்தில் மனைவி சீருடைச் சட்டையில் பாதிப் பித்தான் போட்டபடி ஓடி வந்தாள்.

“என்னாச்சு? பூச்சி கடிச்சிடுச்சா?”

“கண்ணு… கண்ணு…”

கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். தலையைக் குனிய வைத்து, பின்கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குவளை குவளையாகக் கண்ணில் ஊற்றினாள். இருபது வருடமாக ஊராருக்குக் கண்ணைப் பற்றிப் புத்தி சொன்னவர், கன்றுக்குட்டி மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

“என்ன இது, சட்டைப்பைல?” என்றாள் அவள். “மிளகாயா? இது ஏது?”

அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“உங்க அக்கா நாத்து செத்துப்போச்சும்மா” என்றார், தரையைப் பார்த்தபடி. “நீ பயிற்சிக்குப் போனியே, அப்பவே. ஷீட்டை எடுக்க மறந்துட்டேன். மொத்தமும் வெந்துபோச்சு. இதெல்லாம் நர்சரில வாங்கினது. காய் வந்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னுதான் பூவையெல்லாம் கிள்ளினேன். மண்ணும் நல்ல மண்ணுதான். உன் கையும் நல்ல கைதான். தப்பு பூரா என்னோடது.”

தண்ணீர் நின்றது. ஒரு கண்ணைத் திறக்க முடியாமல், இன்னொரு கண்ணில் நீர் கொட்ட, அவர் குனிந்தபடியே நின்றார்.

“அழறீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. எரியுது.” பிறகு, “ரெண்டும்தான்” என்றார்.

நின்ற தண்ணீர் மறுபடி கண்ணில் விழுந்தது. எரிச்சல் அடங்கும்வரை அவள் ஊற்றினாள், துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள், மீதிப் பித்தானைப் போட்டாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் மட்டும் திரும்பி, “கண்ணைக் கசக்காதீங்க” என்றாள்.

அன்று கடையில் அவரால் யாருக்கும் கண் பார்க்க முடியவில்லை. அவர் கண்ணே ரத்தமாகச் சிவந்திருந்தது. மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் என்ன செய்வாளோ, அக்காவிடம் என்ன சொல்வாளோ, அந்த உறவு மறுபடி அறுந்துபோகுமோ என்று பயம் இருந்தது. ஆனாலும் ஓர் அதிசயம்: மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லைக் காணோம். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் குடித்தார். வெகுநாள் கழித்து டீ டீயாக ருசித்தது.

சாயங்காலம் அவர் சீக்கிரமே வீடு திரும்பினார், மனைவி ஆறு மணிக்கு வந்தாள். பையை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நாத்து செத்தா செத்துட்டுப் போகுது. மனுஷனுக்கு மறதி வராதா? என் பஸ்ஸையே நான் ரெண்டு தடவை தப்பு ரூட்டுல திருப்பியிருக்கேன். கோவம் அதுக்கில்ல” என்றாள். “வாரா வாரம் அக்காகிட்ட ‘உன் செடி அப்படி வளருது, இப்படி வளருது’ன்னு பெருமை பேசினேனே. என்னையும் பொய்க்காரியாக்கிட்டீங்களே. அதுதான் எனக்கு ஆறல. அன்னைக்கே போன்ல சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்.”

“தெரியும்” என்றார். “நீ சிரிச்ச. அதக் கெடுக்க மனசு வரல.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்து, அவர் பக்கம் தள்ளினாள்.

உள்ளே ஒரு தக்காளி. தட்டையாக, வரி வரியாக, சின்னப் பூசணி போல. காம்புப் பக்கம் கருஞ்சிவப்புக் கோடுகள். பக்கத்தில் நீளவாக்கில் மஞ்சளாகத் தொடங்கியிருந்த ஒரு குடமிளகாய்.

கண்ணாடிக்காரர் எரியும் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்.

“இது…”

“கிரீஸ் வளர்த்தது.”

கிரீஸ் என்பது அவளுடைய பணிமனையில் வேலை பார்க்கும் மெக்கானிக். உடம்பில் எப்போதும் பூசியிருப்பதே பெயராக நிலைத்துவிட்டது. பயிற்சிக்குப் போகும் முன் சட்டத்துக்குள் இடம் போதாமல், தக்காளியில் நாலும் மிளகாயில் இரண்டும் அவனுக்குக் கொடுத்திருந்தாள். தன்னுடையது நன்றாக வளரும்போது அதை யார் நினைக்கப் போகிறார்கள்? இன்று மத்தியானம், யாரிடமும் பேசப் பிடிக்காமல் பஸ் கழுவுமிடத்துக்குப் பின்னால் போய் நின்றபோதுதான் பார்த்தாள். எண்ணெய் டிரம்மை இரண்டாக வெட்டி மண் நிரப்பி வைத்திருந்தான். ஆறு செடியும் ஆள் மார்பு உயரம்.

“‘அக்கா, நீங்க குடுத்த தக்காளி கோணலா காய்க்குது, ஏதோ நோயின்னு நெனைக்கிறேன், பிடுங்கிடட்டுமா’ன்னு கேக்கறான். நான் கத்தின கத்துல பயந்துட்டான் பாவம். அப்புறம் அவனக் கட்டிப் பிடிக்காத குறைதான்.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “விதை போகலீங்க. இருக்கு.”

அவர் தக்காளியை எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆனால் அதோடு விடவில்லை.

“அக்காவுக்குப் போன் போடு. நானே சொல்லிடறேன். இது கிடைச்சிடுச்சுன்னு மூடி மறைக்க வேணாம்” என்றார்.

மனைவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு போட்டுக் கொடுத்தாள். அவர் ஷீட்டிலிருந்து சட்டைப்பை மிளகாய்வரை எதையும் விடாமல் ஒப்பித்தார். இணைப்பு போய்விட்டதோ என்று இருவரும் போனையே பார்த்தார்கள்.

“தம்பி” என்றாள் அக்கா கடைசியில். “மொத்தம் எத்தனை பூ இருக்கும், கிள்ளினது?”

“நூறு, நூத்தம்பது இருக்கும்க்கா.”

அவ்வளவுதான். அக்கா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. இருமலே வந்துவிட்டது. “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானே மொத்த விதையையும் அடுப்புப் பக்கத்துல காய வச்சுக் கருக்கிட்டேன் தம்பி. எதிர்வீட்டுல குடுத்து வச்சதால தப்பிச்சது. அதனாலதான் அவளுக்கு அனுப்பினேன். ஒரே எடத்துல இருந்தா ஒரு நாள் போயிடும்னு.” கொஞ்சம் நிறுத்தி, குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள்: “அப்புறம்… அனுப்பினா அவ பேசுவான்னும்தான். போனை அவகிட்டக் குடுங்க.”

மனைவி போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்றைய பேச்சு தக்காளியைப் பற்றியதல்ல. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி இருவரும் பேசியது கதவு வழியே துண்டு துண்டாக அவர் காதில் விழுந்தது. “இல்லடி, நானும்தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று அவள் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

மாதக் கடைசியில் அக்கா வந்தாள். பணிமனையில் அனுமதி வாங்கி, கழுவுமிடத்துக்குப் பின்னால் மூன்று பேரும் போனார்கள். கிரீஸ் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான். அக்கா செடிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, “என்கிட்டகூட இவ்வளவு உயரம் வந்ததில்ல. என்னப்பா போட்ட?” என்று கேட்டாள். “பஸ் கழுவின தண்ணி மட்டும் ஊத்தல. மத்ததெல்லாம் ஊத்தினேன்” என்றான் அவன். நன்றாகப் பழுத்த இரண்டை அங்கேயே அறுத்து, உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்கள். விதையை மட்டும் ஒரு சீசாவில் வழித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை நாலு பங்கு என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்: அவளுக்கு, தங்கைக்கு, கிரீஸுக்கு, கண்ணாடிக் கடைக்கு.

“என்கிட்டயா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“உங்களுக்குத்தான் இனிமே மறக்காதே” என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின் அக்காவும் தங்கையும் மிளகாய்ப் பாத்தியில் உட்கார்ந்து, அந்தக் காரமிளகாயை என்ன செய்வது என்று சண்டை போட்டார்கள். ஊறுகாய் போடலாம் என்றாள் ஒருத்தி. காய வைத்துப் பொடி பண்ணலாம் என்றாள் இன்னொருத்தி. சத்தம் தெருவரை கேட்டது. கண்ணாடிக்காரர் பின்வாசல் நாற்காலியில் சாய்ந்து, யார் பக்கம் பேசுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தார், யோசித்தபடியே தூங்கிப்போனார். சாயங்காலம் கடையைத் திறக்கும் நேரம் தாண்டியும் அவரை யாரும் எழுப்பவில்லை.